புகைக்கென்று ஒதுக்கிய மூலை

பிப்ரவரி 10, திங்கள். சிங்கப்பூர்.

கப்பலில் ஏறியதும் எல்லோரையும் சினிமாக் கொட்டகை போன்ற ஒரு கூடத்தில் உட்காரவைத்து இரண்டு விஷயங்கள் சொன்னார்கள். கப்பலுக்கு ஆபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்று. சிகரெட் எங்கே பிடிக்கலாம் என்பது இன்னொன்று. ஆபத்தைப் பற்றிச் சொன்னபோது எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிகரெட் என்றதும் கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அறைக்குள் பிடிக்கக் கூடாது. அறையை ஒட்டிய பால்கனியிலும் கூடாது. பன்னிரண்டாம் தளத்தின் பின்பக்கம், இடது மூலையில் மட்டும் பிடிக்கலாம். பால்கனியில் பிடித்தால் முதல் தடவை எச்சரிக்கை. மறுபடி பிடித்தாலோ, அதனால் ஆபத்து விளைந்தாலோ அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள்.

எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் ஒருவர் எழுந்தார். சென்னைக்காரர், பெயர் ஜெயசிம்மன் என்று பிறகு தெரிந்தது. எங்கள் பக்கத்து அறை. காசு கொடுத்து வாங்கிய பால்கனியில் தான் என்ன செய்வது என்று இன்னொருவர் எப்படிச் சொல்லலாம் என்று இங்கிலீஷில் பத்து நிமிஷம் முழங்கினார். அதிகாரி சிரித்த முகத்தோடு விதியை மறுபடி ஒருமுறை படித்தார். "இது கப்பலா, எலிமெண்டரி ஸ்கூலா?" என்று தமிழில் முனகிக்கொண்டே ஜெயசிம்மன் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த அவர் மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"நமக்கென்ன கொடி, நாமதான் உட்டுப்போட்டமே" என்றார் என் வீட்டுக்காரர் என்னிடம்.

நாமாம். நான் என் ஆயுளில் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை. முப்பத்தோரு வருஷம் அரசு மருத்துவமனையில் மருந்து கொடுத்தவள். இருமிக்கொண்டே வந்து வரிசையில் நின்றவர்கள் சட்டைப்பையில் எல்லாம் பீடிக்கட்டு எட்டிப்பார்க்கும். விட்டுவிட்டேன் என்றுதான் ஒவ்வொருவரும் சொல்வார்கள்.

இவர் பெயர் குழந்தைவேலு, வயது அறுபத்து நான்கு, ஈரோட்டில் நூல் வியாபாரம். போன ஜூனில் நெஞ்சுவலி வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றைக்குப் பழனி முருகன்மேல் சத்தியம் பண்ணி சிகரெட்டை விட்டார். எட்டு மாதமாகத் தொடவில்லை. அதற்குப் பரிசாகத்தான் சிங்கப்பூரிலிருக்கும் மகள் பிரவீணா இந்த ஐந்து இரவுக் கப்பல் பயணத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

பிப்ரவரி 11, செவ்வாய். கடலில்.

தைப்பூசம். பால்கனியில் நின்று கிழக்குப் பக்கம் கும்பிட்டேன். பக்கத்துப் பால்கனியில் ஜெயசிம்மன் சிகரெட்டோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், கோயிலில் பார்த்ததைப் போல. பத்து மணிக்குள் யாரோ புகார் சொல்லி, காவல் அதிகாரி வந்து எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். நேபாளத்துக்காரர், தாபா என்று சட்டையில் எழுதியிருந்தது. கடிதத்தை ஜெயசிம்மன் விருதுப் பத்திரம்போல எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிகிறார்.

மதியம் அந்தப் பன்னிரண்டாம் தளத்து மூலையைப் போய்ப் பார்த்தேன். கண்ணாடித் தடுப்பு, எட்டு நாற்காலி, மணல் போட்ட தொட்டி. பேருந்து நிலையத்துக் கழிவறை வாசலில் நிற்கிறவர்களைப் போல இருபது பேர் முண்டியடித்து நிற்கிறார்கள். இவர்கள் இத்தனை தூரம் வந்தது கடலைப் பார்க்க. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் ஜெயசிம்மன் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். பால்கனியில் புகைக்கும் உரிமை வேண்டுமென்று கேப்டனுக்கு மனு.

தடுப்புக்கு இந்தப் பக்கம் எதிர்க்கட்சி. மூலையையே மூட வேண்டும் என்று அவர்களும் கையெழுத்து வாங்கினார்கள். முப்பதடி தள்ளி நின்றுகொண்டு மூக்கைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்ட ஒரு அம்மாள், மற்றக் கையில் ஐஸ்கிரீம் வைத்திருந்தார். மூன்றாவது கிண்ணம், நான் எண்ணினேன். நுரையீரலைப் பற்றி அவ்வளவு பேசியவருக்குக் கணையத்தைப் பற்றிக் கவலை இல்லை. இரண்டு கூட்டத்தின் தலைக்கும் மேலே கப்பலின் புகைபோக்கி தன்பாட்டுக்குக் கரும்புகை தள்ளிக்கொண்டிருந்தது. அதை எந்த மனுவிலும் காணோம்.

மூலையில் ஒரு தமிழ்ப் பெண்மணியும் இருந்தார். என்னைவிட மூத்தவர், பூப்போட்ட சட்டை, வெள்ளைக் கொண்டை. காலை நீட்டி உட்கார்ந்து, திருவிழா பார்க்கிறவரைப் போல ஊதிக்கொண்டிருந்தார். கண்ணராவி.

இவர் அங்கே இல்லை. நடக்கப் போயிருந்தார். தினம் நாற்பது நிமிஷம் நடங்கள் என்று டாக்டர் சொன்னதற்கு எட்டு மாதமாக நான் கெஞ்சினேன், தெருமுனையைத் தாண்டியதில்லை. இங்கே ஒரே நாளில் ஐந்து தடவை நடந்துவிட்டார். கடல்காற்று அப்படி இழுக்கிறதாம். ஒவ்வொரு தடவையும் வாயில் ஏலக்காயோடு திரும்பி வருகிறார். சீரணத்துக்கு நல்லதாம்.

நல்லதுதான்.

பிப்ரவரி 12, புதன். புக்கெட்.

இவர் தலைவலி என்று கப்பலிலேயே இருந்துவிட்டார். நான் மட்டும் சுற்றுலாப் பேருந்தில் போனேன். பக்கத்து இருக்கையில் அந்த வெள்ளைக் கொண்டைக்காரி வந்து உட்கார்ந்தார். பெயர் தவமணி, ஊர் ஈப்போ. நகர்ந்து ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டேன்.

"பயப்படாதீங்க தங்கச்சி, பஸ்ல புடிக்க மாட்டேன்" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து என் கையை மெல்லத் தட்டினார். "உடம்பு இப்ப எப்படி இருக்கு?"

"எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கேன்."

"உங்க வீட்டு அண்ணன் சொன்னாரு. ரெண்டு ஸ்டென்ட் வெச்சிருக்காமே உங்களுக்கு. ரூம்ல ஊதினா உங்க நெஞ்சுக்கு ஆகாதுன்னுதான் மூலைக்கு வர்றேன்னாரு. எங்க வீட்டு ஆளு எனக்காக அடுப்பக்கூட அணைச்சதில்ல. அண்ணன் நல்ல மனுசன், நீங்க குடுத்து வெச்சிருக்கணும்."

நான் ஜன்னல் வழியாக ரப்பர் மரங்களைப் பார்த்தேன்.

"எத்தனை பிடிக்கிறார்?" என்று கேட்டேன். என் குரல் மருந்துக் கவுண்டரில் கேட்கிற குரலாகவே இருந்தது.

"என்னைவிடக் கம்மிதான். உங்க பக்கத்து ரூம் ஐயாதான் பாக்கெட்டு குடுக்கிறாரு." பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "உங்களுக்குத் தெரியாதா? நான் ஏதும் தப்பா சொல்லிட்டேனா?"

"இல்லீங்க. எல்லாம் சரியாத்தான் சொன்னீங்க."

கோயில் காட்டினார்கள், கடற்கரை காட்டினார்கள். என்ன பார்த்தேன் என்று எழுத ஒன்றுமில்லை. திரும்பியதும் இவருக்குச் சாயங்கால மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். "தலைவலி தேவலையா?" என்றேன். "பரவால்ல கொடி, நீ இல்லாம பொழுதே போகல" என்றார்.

பிப்ரவரி 13, வியாழன். கடலில். காலை ஒன்பது.

ஏழே முக்காலுக்கு அபாய மணி அடித்தது. கீழ்த்தளத்தில், எங்கள் அறைக்கு நேர் கீழே உள்ள பால்கனியில் தீ. நாற்காலி மெத்தையும் காயப்போட்ட துண்டும் பற்றிக்கொண்டன. உள்ளே ஒரு சீனத் தம்பதியும் பத்து மாதக் குழந்தையும். காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்துத் தூங்கியிருக்கிறார்கள். அறை முழுக்கப் புகை. அந்தப் பெண் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெறுங்காலோடு தாழ்வாரத்தில் ஓடியதைப் படிக்கட்டிலிருந்து பார்த்தேன். குழந்தை இருமியது. அழுகை வரவில்லை, இருமல் மட்டும். பிறகு அழுதது. அது அழுததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஐந்து நிமிஷத்தில் அணைத்துவிட்டார்கள். மெத்தையில் சிகரெட் துண்டு கிடைத்ததாம். மேலேயிருந்து எவனோ வீசியது, காற்று உள்ளே தள்ளிவிட்டது.

இவர் ஏழு மணிக்கே நடக்கப் போய்விட்டார். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

அதே நாள், மதியம்.

ஜெயசிம்மனைப் பிடித்திருக்கிறார்கள். சிகரெட் துண்டு அவர் வைத்திருக்கிற ரகம். ஏற்கெனவே எச்சரிக்கை வாங்கியவர். காமிராவில் எந்தப் பால்கனி என்று தெளிவாக விழவில்லை. ஆனாலும் சந்தேகம் என்று யாருக்கும் இல்லை. நாளைக் காலை பினாங்கில் இறக்கிவிடப் போகிறார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே கொண்டாட்டம். ஐஸ்கிரீம் அம்மாள் மேஜை மேஜையாகப் போய்ச் செய்தி சொன்னார். அதைவிட வேடிக்கை மூலைக் கூட்டம். நேற்று வரை மனுவில் கையெழுத்துப் போட்ட இருபது பேரும் இன்றைக்கு ஜெயசிம்மனைப் பார்த்ததுமே தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேஜைக்கு மாறினார்கள். "நான் இல்லீங்க, சத்தியமா நான் இல்லை" என்று அந்த மனிதர் ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய இங்கிலீஷ் எல்லாம் எங்கே போயிற்றோ.

இவர் முட்டைப் பொரியலைக் கிளறிக்கொண்டே, "இந்த மாதிரி ஆளுகளாலதான் எல்லாத்துக்கும் கெட்ட பேரு" என்று எதிரில் இருந்தவரிடம் சொன்னார்.

 

அதே நாள், மாலை.

காலையில் எழுதியது பொய். எவனும் படிக்காத என் நோட்டிலேயே பொய் எழுதியிருக்கிறேன்.

நான் தூங்கவில்லை. ஏழு மணிக்கு இவர் பால்கனிக் கதவைச் சத்தமில்லாமல் தள்ளியபோதே விழித்துவிட்டேன். திரைச்சீலை இடுக்கில் முதுகு தெரிந்தது. தோளைக் குறுக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் நிற்கிறவனைப் போல நின்றிருந்தார். முடித்ததும் துண்டை விரலால் சுண்டிக் கீழே விட்டார். பிறகு பல் துலக்கினார். ஏலக்காய் டப்பாவைத் திறக்கிற சத்தம். கதவு. நான் கண்ணை மூடியே கிடந்தேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை இரண்டாவது நடையிலிருந்து இவர் வந்தபோதே எனக்குத் தெரியும். ஏலக்காய் எதை மறைக்கும் என்று எனக்கா தெரியாது? ஆனால் கேட்கவில்லை. ஏனென்றால் இவர் நடக்கப் போகிற அந்த அரைமணி நேரம் அறையில் என்னை யாரும் கூப்பிடவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து தடவை போனார், ஐந்து தடவையும் உட்கார்ந்திருந்தேன்.

நாலு மணிக்கு இவரிடம் சொன்னேன். "ஏனுங்க, நீங்களே போய்ச் சொல்லிப்போடுங்க."

"என்னத்த?"

"காலைல பார்த்தேன்."

கட்டிலில் உட்கார்ந்தார்.  "அந்தாளு சும்மாவே திமிரு புடிச்சவன் கொடி. எறங்கட்டும் உடு. அவனுக்கென்ன, பினாங்குல பிளேன் ஏறுனா ஒன்றரை மணி நேரத்துல சிங்கப்பூரு."

"உங்களுக்கும் அதே ஒன்றரை மணி நேரந்தானுங்க."

"பிரவீணாவுக்குத் தெரிஞ்சா..."

"கீழ கைக்கொழந்தை இருந்துச்சுங்க."

"ஒண்ணும் ஆகலையில்ல?"

"எனக்கு ஸ்டென்ட் வெச்சதாச் சொல்லியிருக்கீங்க."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. காதுமடல் சிவந்தது. என் முகத்தைப் பார்க்காமல், தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நெஞ்சு நோவுக்காரன்னு சொன்னா அங்க ஒருத்தனும் நெருப்புக் குடுக்கமாட்டான். ஊட்ல எட்டு மாசமா நீ என்னை எப்பிடிப் பார்க்கறீன்னு உனக்குத் தெரியுமா? மூச்சு வாங்குதா, வேர்க்குதா, சோத்துல உப்பு எத்தனை. மாத்திரைய நீட்டறப்ப என் முகத்தப் பார்க்க மாட்ட, கையத்தான் பார்ப்ப. அந்த மூலைல நான் நோயாளி இல்ல கொடி. சும்மா ஒரு ஆளு."

கேட்டுக்கொண்டேன். அதில் பொய் இல்லை. முப்பத்தோரு வருஷம் கையைப் பார்த்து மருந்து கொடுத்த பழக்கம், முகத்தைப் பார்க்கத் தோன்றுவதில்லை. ஒரு நிமிஷம் மனசு இளகியதுகூட. ஆனால் ஆரோக்கியமான ஆளாக இருக்க ஆசைப்பட்டவர் என்னை நோயாளி ஆக்கினார், பக்கத்து அறைக்காரனைக் குற்றவாளி ஆக்கினார். இரண்டும் அவருக்கு ஏலக்காய் மென்கிற அளவு சுலபமாக இருந்திருக்கிறது.

"அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன்" என்றேன்.

ஐந்து வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஐந்தே காலுக்கு நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே போனேன்.

தாபாவிடம், அது எங்கள் பால்கனி என்று சொன்னேன். நேரில் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். இவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது இல்லை என்று சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் சரி. கீழ் அறைத் தம்பதியிடம் கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். அந்தப் பெண் இவரைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

நாளைக் காலை ஒன்பதுக்கு இவர் இறங்க வேண்டும். "உங்கள் பெயர் இதில் இல்லை. நீங்கள் பயணத்தைத் தொடரலாம்" என்றார் தாபா என்னிடம். என்ன பேச்சு இது, நானும்தான் இறங்குவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தாழ்வாரத்தில் ஜெயசிம்மன் எதிரே வந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன், என் புத்தி. "உங்க வீட்டுக்காரர் பண்ண வேலைக்கு எனக்கு எத்தனை அவமானம் தெரியுமாம்மா? மான நஷ்ட வழக்குப் போடலாம்" என்றார். கையில் புது மனு. இந்த முறை கப்பல் நிர்வாகம் தன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். மூலைக் கூட்டம் மறுபடியும் அவர் பின்னாலே கையெழுத்துப் போட வரிசையில் நின்றது. தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே கைகள்.

அவர் மனைவி மாலினி மட்டும் பின்தங்கி நின்றார். மூன்று நாளில் அவர் குரலை நான் கேட்டதே இல்லை. கிட்டே வந்து தணிவாகச் சொன்னார்.

"நல்லது பண்ணீங்க, இல்லேன்னு சொல்லலை. ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? அவரை எறக்கினா நானும் எறங்கணும்னு இல்லையாம். காலைலயே ரிசப்ஷன்ல கேட்டு வெச்சிருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நீங்க வந்து சொல்லிட்டீங்க." கைப்பையின் ஜிப்பை மூடினார். "ரெண்டு நாள்ங்க. வெறும் ரெண்டே நாள்."

புருஷன் கூப்பிடுகிற சத்தம் கேட்டு ஓடிவிட்டார்.

பிப்ரவரி 14, வெள்ளி. பினாங்கு.

இரண்டு பெட்டியையும் விடியுமுன்னே கட்டினேன். பிறகு என்னுடையதைத் திறந்து சேலைகளை மறுபடி அலமாரியில் மாட்டினேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ற?"

"நான் ஞாயித்துக்கிழமை வர்றேனுங்க."

"நாளைக்குத்தான கப்பலு சிங்கப்பூரு போகுது."

"சிங்கப்பூர்ல ஒரு நாள் தனியாச் சுத்திப் பார்த்துட்டு வர்றேன்."

நான் சண்டை போடுவேன், அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருப்பார். இதற்கு இல்லை. "சனம் என்ன சொல்லும்?" என்றார் கடைசியில். எந்தச் சனம்? தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற சனமா?

இறங்கும் வழியில் மாத்திரைப் பையை அவர் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போது முகத்தைப் பார்த்தேன். கிழவர் ஆகிவிட்டார். எப்போது ஆனார் என்று எனக்குத் தெரியவில்லை. "எப்ப எது போடணும்னு உங்களுக்கே தெரியும்" என்றேன். "தெரியும்" என்றார். கண் கலங்கியிருந்தது, வெயில் என்று சொல்லிக்கொண்டார். இறங்கு பாலத்தில் பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தார். கையை ஆட்டினேன்.  பின்னால் போகவில்லை.

பிரவீணா போனில் கத்தினாள். "அப்பா ஹார்ட் பேஷன்ட்மா! தனியா எறக்கி விட்டுட்டு நீ கப்பல்ல சுத்துறியா?"

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல கண்ணு. ஸ்டென்ட் எனக்குத்தான் வெச்சிருக்குது. அவரையே கேட்டுப் பாரு" என்று வைத்துவிட்டேன். விமான நிலையத்துக்கு அவள் போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும். விமான டிக்கெட்டையே அவள்தான் எடுத்தாள்.

மத்தியானம் தவமணி அக்காவைத் தேடிக்கொண்டு மூலைக்குப் போனேன். நாற்றம் குடலைப் பிடுங்கியது. காற்று வரும் பக்கமாக அவர் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"நான் அம்பது வருசமா ஊதறேன் தங்கச்சி. இது நல்லதுன்னு எவன்கிட்டயும் சொன்னதில்ல. அடுத்தவங்க மேல பழியும் போட்டதில்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஆமா, உங்க நெஞ்சு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டு இருமும்வரை சிரித்தார். அந்த இருமல் எனக்குப் பிடிக்கவில்லை. ஊருக்குப் போனதும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். சரி சரி என்றார். எடுக்க மாட்டார். எல்லோரும் ஒரே ரகம்.

இரவுச் சாப்பாட்டுக்குப் போனபோது வாசலில் நின்ற பெண் எத்தனை பேர் என்று கேட்டாள். ஒருத்தி என்றேன். ஜன்னலோரம் இடம் கொடுத்தாள். உப்புப் போட்ட வறுவல் மீனை வாங்கி, நிதானமாக முள்ளெடுத்துச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவரிடமிருந்து செய்தி வந்தது. மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாராம். காலையிலிருந்து சிகரெட்டைத் தொடவில்லையாம்.

நான் நம்பவில்லை. ஆனால் எழுந்து போய் மோந்து பார்க்கிற தூரத்தில் நான் இல்லை. இன்னொரு துண்டு மீன் கேட்டேன்.